சோதனைக்கு மறுநாள்: கணவன் மனைவி படங்கள் குறித்த வாசகர் கேள்விகள்

கணவன் மனைவி இருவரின் உறவுக்கு நேரும் நெருக்கடியை மட்டுமே கதையாகக் கொண்ட படங்களைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் விடையளிக்கிறேன். சில படங்களின் முடிவையும் சொல்ல வேண்டியிருக்கிறது. முடிவு தெரிந்துவிட்டதால் சுவை குறைந்துவிடும் படங்கள் அல்ல இவை என்பதால், தயக்கமின்றியே சொல்கிறேன்.

பாட்டு, சண்டை, வெளியூர்க் காட்சி எதுவும் இல்லாமல் இரண்டு பேர் ஒரு வீட்டுக்குள் பேசிக்கொண்டே இருப்பதை நாடக மேடையிலேயே பார்த்துவிடலாமே? அதற்குத் திரைப்படம் எதற்கு?
*– ஒரு வாசகர், ஈரோடு*

மேடையில் பேசுகிறவரைத்தான் நாம் பார்க்கிறோம். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பவரின் கண்ணில் என்ன நடக்கிறது என்பது பத்தாவது வரிசையில் இருப்பவருக்குத் தெரியாது. நீங்கள் குறிப்பிடும் படங்கள் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பவரின் படங்கள். பேசாமல் இருப்பவரின் முகத்துக்குப் பக்கத்தில் போய் உட்காரும் வசதி காமிராவுக்கு மட்டுமே உண்டு.

2015இல் வெளிவந்த ‘45 இயர்ஸ்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ரூ ஹேக் இயக்கிய ஆங்கிலப் படம் அது. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில், பிள்ளைகள் இல்லாத கேட், ஜெஃப் என்னும் முதிய தம்பதியர் தங்கள் திருமணத்தின் 45ஆம் ஆண்டு விழாவுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார்கள். விழா சனிக்கிழமை. அந்த வாரத்தின் தொடக்கத்தில் ஜெஃபுக்கு ஒரு கடிதம் வருகிறது. கேட்டைச் சந்திப்பதற்கு முன்பு அவர் நேசித்த காத்யா என்ற பெண், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் சுவிட்சர்லாந்து மலையில் பனிப்பிளவுக்குள் விழுந்து இறந்திருந்தாள். அவளுடைய உடல் பனிக்குள் அப்படியே இருப்பது இப்போது தெரியவந்திருக்கிறது. யாரும் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. எல்லாம் திருமணத்துக்கு முந்தைய செய்தி. ஆனாலும் அந்த ஒரு வாரத்துக்குள் 45 ஆண்டுகளின் அடித்தளமே ஆட்டம் காண்கிறது.

கணவர் வெளியே போயிருக்கும்போது கேட் ஏணி போட்டுப் பரணில் ஏறி, அங்கே அவர் வைத்திருக்கும் பழைய ஸ்லைடு படங்களைப் புரொஜெக்டரில் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கும் காட்சி, மேடையில் சாத்தியமே இல்லாத காட்சி. தொங்கவிட்ட துணியில் விழும் காத்யாவின் உருவமும் அதைப் பார்க்கும் கேட்டின் முகமும் ஒரே சட்டகத்துக்குள் இருக்கின்றன. ஸ்லைடு மாறும் ஓசையைத் தவிர வேறு பேச்சில்லை. ஒரு படத்தில் காத்யா தன் வயிற்றின்மேல் கை வைத்து நிற்கிறாள். அவள் கருவுற்றிருந்தாள் என்பது நமக்கும் கேட்டுக்கும் ஒரே நேரத்தில் புரிகிறது. கேட்டாக நடித்த ஷார்லட் ராம்ப்ளிங் அழுவதில்லை, வாயைப் பொத்திக்கொள்வதில்லை. பார்வை மட்டும் சற்று நேரம் அசையாமல் நிற்கிறது. அந்த ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவில் அவருக்கும் ஜெஃபாக நடித்த டாம் கோர்ட்னிக்கும் வெள்ளிக் கரடி விருதுகள் கிடைத்தன.

அதைவிட என்னை உலுக்கியது பிறகு நடப்பதுதான். தான் கண்டதைக் கேட் கணவரிடம் சொல்வதில்லை. விழா வேலைகள் தொடர்கின்றன, நாய் நடைக்குப் போகிறது, தேநீர் போடப்படுகிறது. இவ்வகைப் படங்களில் நான் மதிப்பது இதைத்தான்: உண்மை தெரியவரும் கணத்தை எந்த இயக்குநரும் எடுத்துவிடலாம், தெரிந்த பிறகு அந்த வீட்டின் அன்றாட வேலைகள் எப்படி நடக்கின்றன என்பதைப் பொறுமையாகப் பார்க்க ஒரு சிலரால்தான் முடிகிறது. காதலுக்கு உண்மையில் சோதனை நடப்பதும் அந்த வேலைகளுக்கு நடுவில்தான்.

பெர்க்மன் எடுத்த ஒரு தொலைக்காட்சித் தொடரால் சுவீடனில் மணவிலக்குகள் பெருகின என்று ஒரு கட்டுரையில் படித்தேன். ஒரு படம் குடும்பங்களைப் பிரித்துவிடுமா?
*– ஒரு வாசகி, திருநெல்வேலி*

நீங்கள் படித்தது ‘சீன்ஸ் ஃப்ரம் எ மேரேஜ்’ பற்றியது. இங்மார் பெர்க்மன் எழுதி இயக்கிய இந்த ஆறு பகுதித் தொடர் 1973இல் சுவீடன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. லிவ் உல்மனும் எர்லாண்ட் ஜோசப்சனும் மரியானே, யோஹான் என்ற தம்பதியராக நடித்தார்கள். நீங்கள் படித்த செய்தி உலகெங்கும் பல இடங்களில் எழுதப்பட்டு வருவதுதான். ஆனால் அதை எழுதுகிறவர்கள் ஒரு விவரத்தை விட்டுவிடுகிறார்கள். 1974 ஜனவரியில் சுவீடனில் புதிய மணவிலக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. யார்மீது தவறு என்று நிறுவ வேண்டிய தேவையை அது நீக்கியது. துணைவர்களில் ஒருவர் மறுத்தாலோ, வீட்டில் 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருந்தாலோ ஆறு மாத யோசனைக் காலம், இல்லையென்றால் அதுவும் தேவையில்லை என்று ஆக்கியது. பல ஆண்டுகளாகப் பிரிய நினைத்துக் காத்திருந்தவர்கள் அந்த ஆண்டில் நீதிமன்றத்துக்குப் போனார்கள்; எண்ணிக்கை கூடியது. அதைத் தொடரின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

தொடரைப் பார்த்தவர்களுக்கு அது எதையும் தூண்டிவிடும் வகையைச் சேர்ந்ததில்லை என்பது தெரியும். முதல் பகுதியில் ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுக்கும்போது யோஹான் தன்னைப் பற்றிச் சரளமாக அடுக்கிக்கொண்டே போகிறார். மரியானேவோ, தான் ஒருவரின் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகளின் தாய் என்பதைத் தாண்டிச் சொல்வதற்குச் சொல் கிடைக்காமல் திணறுகிறார். மரியானே ஒரு வழக்கறிஞர், அதிலும் மணவிலக்கு வழக்குகளைப் பார்ப்பவர். ஒரு நாள் நடுத்தர வயதைத் தாண்டிய ஒரு பெண் அவரிடம் வந்து, தன் கணவர் நல்லவர்தான், ஆனால் தங்கள் வாழ்வில் அன்பு என்பதே இருந்ததில்லை, அதனால் பிரிய விரும்புகிறேன் என்று நிதானமாகச் சொல்கிறார். குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் மரியானேவின் முகம் மெல்ல மாறுவதைக் கவனியுங்கள். அவருடைய சொந்த வாழ்க்கையில் அதுவரை எதுவும் நடந்திருக்கவில்லை.

மூன்றாம் பகுதியில் யோஹான் இரவில் வந்து, தான் வேறொரு பெண்ணை விரும்புவதாகவும் மறுநாளே அவளோடு பாரிசுக்குப் போவதாகவும் சொல்கிறார். நம் படங்களில் என்றால் இந்த இடத்தில் இடைவேளை வந்துவிடும். பெர்க்மன் அடுத்த நாள் காலைக்குப் போகிறார். விட்டுப்போகும் கணவருக்கு மரியானே பெட்டி கட்ட உதவுகிறார். வேண்டாம் என்று கெஞ்சுவதும் பயணத்துக்கு வேண்டியதை எடுத்துக் கொடுப்பதும் ஒரே பெண்ணின் கைகளால் நடக்கின்றன. பல ஆண்டுப் பழக்கம், நெஞ்சு உடைந்த பிறகும் கையை விடவில்லை. அவர் போன பிறகு நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தால், நண்பர்களுக்கு இந்தச் செய்தி முன்பே தெரிந்திருக்கிறது. கணவர் போனதைவிட அந்தத் தொலைபேசி உரையாடல்தான் அவரை உடைக்கிறது. சென்றவரைப் பற்றிய துயரம் ஒன்று. ஊருக்கே தெரிந்தது தனக்குத் தெரியாமல் போனதன் அவமானம் வேறொன்று.

சட்டத்தைப் பற்றிப் பேசியதால் நம் ஊர்ப் படம் ஒன்றும் நினைவுக்கு வருகிறது. மணிரத்னத்தின் ‘மௌன ராகம்’ (1986) படத்தில், விருப்பமில்லாமல் திருமணம் செய்துகொண்டு டெல்லிக்கு வந்த திவ்யா கணவரிடம் கேட்கும் பரிசு மணவிலக்கு. ஆனால் இந்து திருமணச் சட்டப்படி, விதிவிலக்கான நிலைமைகள் தவிர, திருமணமாகி ஓராண்டு முடியாமல் மணவிலக்கு மனு கொடுக்க முடியாது. அந்தக் காத்திருப்புக் காலம்தான் படத்தின் கதையே. பிரிவதற்கென்று முடிவு செய்துவிட்ட இரண்டு பேர் ஒரே சமையலறையையும் ஒரே கூடத்தையும் பயன்படுத்தியாக வேண்டும். ரேவதியும் மோகனும் அந்த வீட்டுக்குள் ஒருவரையொருவர் தவிர்த்து நடக்கும் விதத்தை, கார்த்திக் வரும் பகுதியின் வேகத்தில் மயங்கிப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

நானும் என் மனைவியும் பணி ஓய்வு பெற்றவர்கள். மேலைநாட்டுப் படங்கள் எங்களுக்கு ஒட்டவில்லை; எதற்கெடுத்தாலும் மனத்தைத் திறந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நாங்கள் இருவரும் சேர்ந்து பார்க்கும்படி ஒரே ஒரு படம் சொல்லுங்கள்.
*– ஒரு வாசகர், தஞ்சாவூர்*

யசுஜிரோ ஓசுவின் ஜப்பானியப் படம் ‘தி ஃப்ளேவர் ஆஃப் கிரீன் டீ ஓவர் ரைஸ்’ (1952). சோற்றில் தேநீரை ஊற்றிச் சாப்பிடும் எளிய உணவுதான் படத்தின் பெயர். உங்களுக்கு ஒட்டாமல் போக வாய்ப்பே இல்லை என்று நம்புகிறேன்.

தாயெகோ தோக்கியோவின் வசதியான குடும்பத்துப் பெண். கணவர் மொகிச்சி நாகானோ பகுதியிலிருந்து வந்தவர். ஒரு நிறுவனத்தில் நல்ல பதவியில் இருக்கிறார். பெரியவர்கள் பார்த்துச் செய்துவைத்த திருமணம், பிள்ளைகள் இல்லை. வெளியே சொல்லும்படி ஒரு குறையும் கிடையாது. ஆனால் மொகிச்சி சோற்றில் குழம்பை ஊற்றிச் சத்தம் வரச் சாப்பிடுவதும், மலிவான சிகரெட் புகைப்பதும், ரயிலில் மூன்றாம் வகுப்பில் போவதும் தாயெகோவுக்கு அருவருப்பாக இருக்கின்றன. தோழிகளோடு சேர்ந்து கணவரை மந்தமானவர் என்று பட்டப்பெயர் வைத்துச் சிரிக்கிறாள். உடல்நலமில்லாதவர்களைப் பார்க்கப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு வெந்நீர் ஊற்று விடுதிக்குப் போகிறாள். மொகிச்சிக்கு எல்லாம் தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கிறார். ரசம் சாதத்தைக் கையால் அள்ளிச் சாப்பிடும் கணவரைப் பார்த்து, விருந்தாளிகள் இருக்கிறார்களே என்று கண்ணால் அதட்டும் மனைவியரை நாம் பார்த்ததில்லையா? அதே முகம்தான்.

நிறுவனம் மொகிச்சியைத் திடீரென்று உருகுவே நாட்டுக்கு அனுப்புகிறது. கோபத்தில் வெளியூர் போயிருந்த தாயெகோ வழியனுப்பக்கூட வரவில்லை. அவர் புறப்பட்ட பிறகே அவள் வீடு வந்து சேர்கிறாள். விமானத்தில் கோளாறு ஏற்பட்டு, மொகிச்சி அன்றிரவே வீடு திரும்புகிறார். பசிக்கிறது என்கிறார். வேலைக்காரப் பெண் தூங்கிவிட்டாள். அவளை எழுப்ப வேண்டாம் என்று இருவருமாகச் சமையலறைக்குள் போகிறார்கள். இத்தனை ஆண்டு குடித்தனம் நடத்திய வீட்டில், சோறு எங்கே இருக்கிறது, கிண்ணம் எங்கே இருக்கிறது என்று இருவருக்குமே தெரியவில்லை. விளக்கைப் போட்டு, ஒவ்வொரு கதவாகத் திறந்து தேடுகிறார்கள். ஊறுகாயைக் கண்டுபிடித்து எடுத்த பிறகு தாயெகோவின் கையில் அதன் வாடை ஒட்டிக்கொள்கிறது. பிறகு இருவரும் சோற்றில் தேநீரை ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். அவள் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்கிறாள். ஓசு இந்தச் சமையலறைக் காட்சியை அவசரப்படுத்தவே இல்லை. எத்தனை முறை பார்த்தாலும் அந்தக் காட்சியில் எதையும் வெட்ட எனக்கு மனம் வராது.

இந்தக் கதையை ஓசு முதலில் 1939இல் எழுதினார். அந்த வடிவத்தில் கணவன் போர்முனைக்குப் போக வேண்டியவன். போருக்குப் புறப்படும் வீரனுக்குச் செம்பயறு போட்ட மங்கலச் சோறு ஆக்கிப் போடாமல், தேநீர் ஊற்றிய சோற்றை உண்ண வைப்பதா என்று அன்றைய தணிக்கை அதிகாரிகள் அனுமதி மறுத்துவிட்டார்கள். அவர்கள் நினைத்தது சரிதான் என்றுகூடச் சொல்வேன். ஒரு கணவனும் மனைவியும் நடுச்சாமத்தில் சேர்ந்து உண்ணும் எளிய உணவு, நாட்டுக்காக நடக்கும் எந்தச் சடங்கையும்விடப் பெரிதாகத் தெரிந்துவிடும் என்பதை அவர்கள் சரியாகவே கண்டுகொண்டார்கள்.

இந்தப் படங்களில் மூன்றாவது ஆள் ஒருவர் வந்தே தீர வேண்டுமா?
*– ஒரு வாசகி, யாழ்ப்பாணம்*

வேண்டியதில்லை. ஈரானிய இயக்குநர் அஸ்கர் ஃபர்ஹாதியின் ‘எ செப்பரேஷன்’ (2011) படத்தில் சிமினும் நாதெரும் ஒருவர்மீது ஒருவர் குறை சொல்வதற்கே காரணம் இல்லாத தம்பதியர். மகளின் எதிர்காலத்துக்காக நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்கிறார் மனைவி. நினைவாற்றல் இழந்த தந்தையை விட்டு வரமாட்டேன் என்கிறார் கணவர். தொடக்கக் காட்சியில் இருவரும் நீதிபதி முன் உட்கார்ந்து, நீதிபதியின் இடத்தில் இருக்கும் நம்மைப் பார்த்தே வாதாடுகிறார்கள். அவருக்கு நீங்கள் மகன் என்பதே தெரியாதே என்று மனைவி கேட்க, அவர் என் தந்தை என்பது எனக்குத் தெரியும் என்று பதில் வருகிறது. இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கும்போது உறவு படும் பாடு, ஒருவர் தவறு செய்திருக்கும்போது படும் பாட்டைவிடக் கொடியது.

என் கணவர் பக்கவாதத்தால் இரண்டு ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கிறார். நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ‘அமூர்’ என்ற படம் என்னைப் போன்றவர்களைப் பற்றியது, அவசியம் பாருங்கள் என்று மகள் சொல்கிறாள். பார்க்கலாமா?
*– ஒரு வாசகி, சேலம்*

சகோதரி, உங்கள் மகள் அன்போடுதான் சொல்லியிருக்கிறார். ஆனாலும் இப்போது பார்க்க வேண்டாம் என்றே சொல்வேன்.

மிக்கேல் ஹானெக்கெயின் ‘அமூர்’ (2012) கேன் விழாவின் தங்கப் பனை விருது பெற்ற படம். அதன் மேன்மையில் எனக்கு ஐயமே இல்லை. ழார்ஜ், ஆன் இருவரும் எண்பது வயதைத் தாண்டிய, பாரிசில் வாழும் ஓய்வுபெற்ற இசை ஆசிரியர்கள். ஒரு நாள் காலை உணவின்போது ஆன் பேச்சற்று வெறித்துப் பார்க்கிறார். ழார்ஜ் பதறி, குழாயைத் திறந்து துணியை நனைத்து அவர் கழுத்தில் ஒற்றுகிறார்; குழாயை மூடாமலே உடை மாற்றிக்கொள்ள உள்ளே ஓடுகிறார். அறைக்குள் அவரோடு இருக்கும் நமக்குத் தண்ணீர் கொட்டும் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கிறது. திடீரென்று அது நின்றுவிடுகிறது. ஆன் தானே எழுந்து குழாயை மூடியிருக்கிறார். தனக்கு ஏதோ நேர்ந்தது என்பதே அவருக்கு நினைவில்லை. அதன் பிறகு பக்கவாதம், சக்கர நாற்காலி, படுக்கை, உணவு ஊட்டுவது, துணி மாற்றுவது என்று நீங்கள் ஒவ்வொரு நாளும் செய்கிற அத்தனையையும் படம் விடாமல் காட்டுகிறது. நீங்கள் அறியாத எதையும் அது உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை.

முடிவையும் நீங்கள் தெரிந்துகொண்டே தீர்மானிக்க வேண்டும். மனைவி படும் வேதனையைத் தாங்க முடியாத ழார்ஜ் தன் கையாலேயே அவர் உயிரைப் போக்கிவிடுகிறார். அது ஒரு மனிதன் தனிமையில், உதவியை மறுத்து, மகளையும் ஒதுக்கிவைத்துவிட்டு வந்து சேர்ந்த இடம். அன்பு என்றால் இப்படித்தான் முடிய வேண்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இரவு கண்விழித்துக் களைத்திருக்கும் ஒருவர் தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டிய காட்சி அல்ல அது. பார்த்தே தீர வேண்டும் என்று பின்னாளில் தோன்றினால், மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பகலில் பாருங்கள்.

மகளிடம் வேறொன்றைக் கேளுங்கள். அந்தப் படம் ஓடும் நேரம் இரண்டு மணிக்குச் சற்று அதிகம். வாரத்தில் ஒரு நாளாவது அந்த நேரத்துக்கு அவர் வந்து தந்தையைப் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் கோயிலுக்கோ, தோழி வீட்டுக்கோ போய் வாருங்கள், அல்லது அயர்ந்து தூங்குங்கள். உங்கள் களைப்பு அளவுக்கு மீறும்போது மருத்துவரிடம் கணவரைப் பற்றி மட்டும் பேசாமல், உங்களைப் பற்றியும் பேசுங்கள்.

ஏன் இந்தப் படங்கள் பாதியில் நிற்பதுபோல் முடிகின்றன? சேர்ந்தார்களா, பிரிந்தார்களா என்று சொல்லாமல் விடுவது பார்வையாளரை ஏமாற்றுவது ஆகாதா? பெர்க்மன் தொடருக்குத் திரைப்பட வடிவமும் இருக்கிறதாமே, எதைப் பார்ப்பது?
*– ஒரு கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்*

சில படங்களில் அது ஏமாற்றுத்தான்; முடிவு தோன்றாததால் விட்டுவிட்டு, அதற்கு ஆழம் என்று பெயர் வைத்துக்கொள்வதுண்டு. எது எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. முடிவு சொல்லப்படாவிட்டாலும், கதைமாந்தர் ஏதாவது ஒரு செயலைச் செய்திருக்கிறாரா என்று பாருங்கள். ‘45 இயர்ஸ்’ விழாவில், தம்பதியர் ஆடி முடித்ததும் ஜெஃப் மகிழ்ச்சியோடு இருவர் கையையும் சேர்த்து மேலே உயர்த்துகிறார். கேட் தன் கையை வெடுக்கென்று கீழே இழுத்துக்கொள்கிறார். நாளை அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கை இனி மேலே போகாது என்பது தெரிகிறது. சத்யஜித் ராயின் ‘சாருலதா’ (1964) படத்தின் இறுதியில், வீடு திரும்பும் கணவரை உள்ளே வரச் சொல்லிச் சாரு கை நீட்டுகிறாள். அவரும் கை நீட்டுகிறார். இரண்டு கைகளும் சேர்வதற்கு முன் காட்சி உறைந்து நிற்கிறது. அழைத்தது நடந்துவிட்டது, ஏற்றது இன்னும் நடக்கவில்லை என்பது அந்த உறைந்த சட்டகத்தில் துல்லியமாக இருக்கிறது. இவற்றில் முடிவு இல்லை என்று நான் ஒப்பமாட்டேன்.

மாறாக, ‘எ செப்பரேஷன்’ படத்தில் மகள் தெர்மே தாயோடு இருக்கப் போகிறாளா, தந்தையோடு இருக்கப் போகிறாளா என்று நீதிபதி கேட்கிறார். பெற்றோர் வெளியே தாழ்வாரத்தில் ஆளுக்கொரு பக்கமாகக் காத்திருக்கும்போதே எழுத்துகள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. முதல் முறை பார்ப்பவர்களுக்கு எரிச்சல் வருவது இயல்புதான். அவள் முடிவு செய்துவிட்டாள் என்று சொல்லிவிட்ட பிறகே பெற்றோர் வெளியே அனுப்பப்படுகிறார்கள் என்பதை மட்டும் மறுமுறை பார்க்கும்போது கவனியுங்கள். பதில் இருக்கிறது, அது அந்தப் பெண்ணுக்குச் சொந்தமானது, நமக்கு அல்ல.

பெர்க்மன் தொடரைப் பொறுத்தவரை, அவரே சுருக்கித் தொகுத்த திரைப்பட வடிவம் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும். முழுத் தொடர் ஏறத்தாழ நாலே முக்கால் மணி நேரம். நான் பரிந்துரைப்பது முழுத் தொடரைத்தான். சுருக்கிய வடிவத்தில் சண்டைகள் நெருங்கி வந்துவிடுகின்றன, அவற்றுக்கு இடையில் இருந்த சாதாரண நாட்கள் குறைந்துவிடுகின்றன. விடுதி அறையில் ஒரே இரவில் ஆறு பகுதிகளையும் பார்த்து முடித்துவிடாதீர்கள். ஒவ்வொரு பகுதிக்கும் இடையில் சில நாட்களாவது விடுங்கள். யோஹானும் மரியானேவும் வேறு வேறு துணைகளை மணந்துகொண்ட பிறகு மறுபடி சந்திக்கும் ஆறாம் பகுதிக்கு வரும்போது, அவர்களுக்கு வயதாகியிருப்பதை நீங்கள் அப்போதுதான் உணர்வீர்கள். அதே இருவரை முதுமையில் காட்டும் ‘சாராபாண்ட்’ படத்தை 2003இல் பெர்க்மன் எடுத்தார். அதைத் தொடர் முடிந்த கையோடு பார்க்க வேண்டாம். அடுத்த பருவ விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.